சபை இல்லாத காலத்திலும் கதவு திறந்தவர்களுக்கு

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ளூராட்சி நூலகங்களில் வேலை செய்கின்ற, வேலை செய்து ஓய்வுபெற்ற நூலகர்களுக்கும் உதவியாளர்களுக்கும் காவலாளிகளுக்கும்,



2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களித்தோம். சபைகள் மறுபடி கூடின. புதிய உறுப்பினர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் நூலகத்தின் எதிர்காலம் பற்றியும் பேச்சு வந்தது. எல்லாவற்றையும் கணினிமயமாக்க வேண்டும் என்றார் ஒருவர். மேல்மாடி கட்ட வேண்டும் என்றார் இன்னொருவர். "பிள்ளையள் எல்லாம் போனோட கிடக்குதுகள், இனி நூலகத்துக்கு ஆர் வரப்போறா?" என்றார் மூன்றாமவர். கடைசியில் வந்த நன்றியுரை நல்ல நீளம். ஒலிபெருக்கி தந்தவர் வரைக்கும் பேர் சொல்லி நன்றி சொன்னார்கள். பின்வரிசைக் கதிரையில் இருந்த நூலகருடைய பேர் மட்டும் வரவில்லை. அதை யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆகவே இந்த மடல்.

உங்களுக்கு நன்றி சொல்வதென்றால் முதலில் ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு மாநகர சபைக்கு 1994இல் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 2008 மார்ச் 10. நடுவில் பதினான்கு ஆண்டு. 2008இல் தெரிவான சபையின் காலம் முடிந்த பிறகு அடுத்த தேர்தலைக் கண்டது 2018 பெப்ரவரி 10இல். அந்தச் சபையின் காலம் 2023 மார்ச்சோடு முடிந்தது. அதே மாதம் 9ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல், திறைசேரியில் பணமில்லை என்று தள்ளிப்போய், இரண்டு வருடத்துக்கு மேல் கிடப்பில் கிடந்தது. எங்கள் மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, இரண்டு நகர சபை, ஒன்பது பிரதேச சபை, ஆகமொத்தம் 12 மன்றங்கள். 2023க்குப் பிந்திய அந்த இடைவெளியில் மக்கள் தெரிவு செய்த ஒருவர்கூட இவற்றில் இல்லை.

மேயர் இல்லாவிட்டால் ஆணையாளர், தவிசாளர் இல்லாவிட்டால் செயலாளர் என்று நிர்வாகம் ஓடும். கோப்புகள் நகரும். தெருவிளக்கு அணைந்தால் ஊர் போய்ச் சத்தம் போடும், அதுவும் நடக்கும். நூலகத்துக்காகச் சத்தம் போட ஆள் வராது. குப்பை அள்ளாவிட்டால் மூன்றாம் நாள் நாறும். புத்தகம் வாங்காவிட்டால் மூன்று வருடம் போனாலும் ஒருவருக்கும் மணக்காது. ஒரு நூலகம் ஒரே நாளில் மூடப்படுவதில்லை. புதிய புத்தகம் நிற்கும், பிறகு வார இதழ் நிற்கும், ஓய்வுபெற்ற நூலகருடைய இடம் வெற்றிடமாகவே இருக்கும், பின்னேர நேரம் குறையும். பூட்டு கடைசியில்தான் வரும். சபை இல்லாத அந்த ஆண்டுகளில் எங்கள் நூலகங்கள் அந்தக் கடைசிப் படிக்குப் போகாமல் நின்றதற்குக் காரணம், கையில் இருந்ததை வைத்து நீங்கள் அன்றாடம் எடுத்த சின்னச் சின்ன முடிவுகள். மாதக் கூட்ட அறிக்கை எதிலும் அவை இராது.

என் சொந்தக் கதையில் ஒன்றைச் சொல்கிறேன்.

நான் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பிள்ளை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரைக்கும் எங்களுக்கு வாவியைக் கடக்கப் பாதைதான். (எங்கள் ஊர்க்காரர் அல்லாதவர்களுக்கு: பாதை என்றால் இங்கே ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை.) உயர்தரம் படித்த காலத்தில் பாதையேறிக் கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு வந்து அங்கே ஒரு நூலகத்தில் அங்கத்துவம் கேட்டேன். நூலகர் மிஸ் படிவத்தைத் தந்தார். பிணையாளி சபை எல்லைக்குள் சோலைவரி கட்டுகிறவராக இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. இல்லாவிட்டால் வைப்புப் பணம் கட்ட வேண்டும். என்னிடம் திரும்பிப் போவதற்கான காசு மட்டும்தான் இருந்தது.

"எல்லைக்குள்ள சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லையா மனே?"

"இல்லை மிஸ்."

"சரி, மறுகா வா."

அடுத்த கிழமை போனபோது என் படிவத்தில் பிணையாளியின் கையெழுத்து விழுந்திருந்தது. மிஸ்ஸின் தம்பியாம். அவரை நான் இன்றுவரை கண்டதில்லை. நான் ஒரு புத்தகத்தைத் தொலைத்திருந்தால் அந்தக் காசு அந்த வீட்டிலிருந்துதான் போயிருக்கும்.

அது இயக்கமும் இராணுவமும் வாவியை நடுவில் வைத்துக்கொண்டு இரு கரையிலும் நின்ற காலம். துறையில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். கதைப் புத்தகம் என்றால் புரட்டிவிட்டுத் தருவார்கள். புவியியல் புத்தகத்தில் வரைபடம் இருந்தால் கேள்வி கூடும். இதை ஒரு நாள் மிஸ்ஸிடம் சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் நான் கொண்டுபோகும் புத்தகங்களின் தலைப்பையும் பதிவு இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதி, நூலகத்தின் றப்பர் முத்திரையைக் குத்திக் கையில் தந்தார் மிஸ். அப்படித் துண்டு கொடுக்கச் சொல்லி எந்தச் சுற்றுநிருபமும் அவருக்கு வந்திருக்காது.

உங்கள் வேலையின் இந்தப் பக்கம் வெளியில் தெரியாது. தெரிகிற பக்கத்தையும் ஊர் சரியாகப் பார்ப்பதில்லை. நூலகத்துக்கு யார் வருகிறார்கள் என்று கேட்கிறவர்களை ஒரு வெள்ளிக்கிழமை அழைத்துப்போய் இருத்த வேண்டும். வர்த்தமானியில் பதவி வெற்றிடம் பார்க்க வரும் பட்டதாரிகள். கடந்தகால வினாத்தாள்களைப் படியெடுக்க வரும் சாதாரணதரப் பிள்ளைகள். வீட்டில் தனி அறையும் மேசையும் இல்லாததால் இங்கே வந்து படிக்கிறவர்கள். வீரகேசரியில் மரண அறிவித்தலிலிருந்து தொடங்கும் முதியவர்கள். ரியூசன் விட்டுப் பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்பிள்ளைகள். ஒரு பெண்பிள்ளை பின்னேரம் நான்கு மணிக்கு ஒருவருக்கும் விளக்கம் சொல்லாமல், காசு கொடுக்காமல் போய் இருக்கக்கூடிய பொது இடம் எங்கள் ஊர்களில் வேறு எது? கோயில் இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது, அதற்கப்பால் நூலகம் மட்டும்தான். போனில் எல்லாம் கிடக்கிறது என்கிறவர், கதிரையும் மேசையும் மின்விசிறியும் போனில் கிடப்பதில்லை என்பதை யோசிக்கவில்லை.

இன்னொரு சங்கதியை உங்களைத் தவிர வேறு ஒருவரும் பேசமாட்டார்கள். கணக்காய்வு. வருடாவருடம் பொருட்கணக்கெடுப்பு வரும். பதிவேட்டில் இருக்கும் புத்தகம் இறாக்கையில் இல்லையென்றால் விளக்கம் கேட்கப்படுவது நூலகரிடம். காசு அறவிடப்படுமோ என்ற பயம் எப்போதும் இருக்கும். இந்தப் பயம் என்ன செய்யும் என்றால் கண்ணாடி அலுமாரிக்குப் பூட்டுப் போடும். ஒருவருக்கும் கொடுக்காத புத்தகம் ஒருநாளும் தொலையாது. அறிக்கையும் சுத்தமாக இருக்கும். அப்படிச் சுத்தமாக இருந்த நூலகங்களும் எனக்குத் தெரியும், அவற்றில் வாசகர் தங்கமாட்டார். பூட்டைத் திறந்து "எடுத்துப் பாருங்க" என்று சொன்ன ஒவ்வொருவரும் தன் சம்பளத்தை முன்னால் வைத்துத்தான் அதைச் சொன்னார். சபைகள் இதை மாற்றலாம். தேய்மானத்துக்கும் இழப்புக்கும் நியாயமான ஒரு வீதத்தை ஏற்றுக்கொண்டு ஒரு தீர்மானம் எடுத்தால், பல அலுமாரிகள் திறந்துவிடும்.

நூலகம் என்றால் நம் நாட்டில் யாழ்ப்பாணக் கதைதான் முதலில் வரும், வரவேண்டியதும்தான். க. மு. செல்லப்பா என்ற ஒருவரின் முயற்சியில் 1934 ஓகஸ்ட் முதலாம் திகதி 844 புத்தகங்களோடு தொடங்கியது யாழ்ப்பாணப் பொது நூலகம். அடுத்த ஆண்டே நகர சபை அதைப் பொறுப்பேற்றது. 1959 ஒக்டோபரில் புதிய கட்டடம் திறந்தது. 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாள் முன்னர், ஓர் இரவில் எரிக்கப்பட்டது. 97,000 நூல்கள் போயின. இவ்வளவும் பிள்ளைகளுக்கும் தெரியும். குறைவாகப் பேசப்படுவது 2003. திருத்திக் கட்டிய நூலகத்தை அந்த ஆண்டு பெப்ரவரியில் திறப்பதா விடுவதா என்பதில் பிரச்சினை முற்றி, மாநகர முதல்வர் செல்லன் கந்தையனும் சபை உறுப்பினர்களும் கூட்டாகப் பதவி விலகினார்கள். ஒரு நூலகத்தின் கதவு பற்றிய முடிவு ஒரு சபையையே காலியாக்கியது. பிறகு பெரிய விழா இல்லாமல் அது வாசகர்களுக்குத் திறந்தது. மேலே இழுபறி நடந்தபோது கீழே புத்தகம் பதிகிறவர்களும் அடுக்குகிறவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களுடைய பேர் ஒரு செய்தியிலும் என் கண்ணில் பட்டதில்லை.

எங்கள் வாவிக்கரை நூலகங்களுக்கு அப்படி உலகம் அறிந்த ஒரு இரவு கிடையாது. கேட்டால் சொல்லுவதற்கு வேறு திகதிகள் இருக்கின்றன. 1978 நவம்பர் 23 சூறாவளி. 2004 டிசம்பர் 26 சுனாமி. 2011 ஜனவரி வெள்ளம். இவற்றுக்கு நடுவில் போர். இவை எதுவும் இல்லாத வருடத்தில் உப்புக்காற்றும் கறையானும். நனைந்த புத்தகத்தைக் கடும் வெயிலில் போடக்கூடாது, தாளுக்குத் தாள் நடுவில் உறிஞ்சும் காகிதம் வைத்து நிழலில் காற்றாட விட வேண்டும் என்பதை எனக்குச் சொல்லித் தந்தது உங்களில் ஒருவர்தான். அவர் அதைப் பயிற்சிநெறியில் படித்ததாகச் சொல்லவில்லை. மாரி படிப்பித்தது என்றார்.

எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்து 1962இல் வந்த மட்டக்களப்பு மான்மியம், பண்டிதர் வீ. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம், காரைதீவில் பிறந்து கல்லடி உப்போடையில் அடக்கமாகியிருக்கும் விபுலாநந்த அடிகளின் யாழ் நூல்: இவற்றின் பழைய பிரதிகளை நான் கையில் எடுத்துப் பார்த்தது உசாத்துணைப் பகுதியில்தான். பேர்பெற்ற நூல்களுக்கு மறுபதிப்பு வரலாம். கும்பாபிஷேக மலருக்கும் பாடசாலை நூற்றாண்டு மலருக்கும் மாதர் சங்க ஆண்டறிக்கைக்கும் மறுபதிப்பு வருமா? ஒரு ஊரில் யார் யார் வாழ்ந்தார்கள், எந்தக் குளத்தை யார் கட்டினார்கள், எந்த ஆண்டில் எந்த வீதி வந்தது என்பதெல்லாம் அவற்றில்தான் கிடக்கிறது. பத்து வருடம் ஒருவரும் இரவல் எடுக்காத புத்தகத்தைக் கழிப்பது விதிப்படி சரி. "இது ஊர்ச் சாமான், கிடக்கட்டும்" என்று அதை அடித்தட்டுக்கு மாற்றிய கை யாருடையதோ, அந்தக் கைக்கு நன்றி. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் பிள்ளைகள் பலர் தங்கள் நன்றியுரையில் பேராசிரியரைப் போடுகிறார்கள். அடித்தட்டைக் காட்டியவரையும் போடுங்கள் என்று அவர்களிடம் இந்த மடல் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இனிக் காசு. இதைச் சொல்லாமல் நன்றி மட்டும் சொன்னால் அது வெறும் உபசாரம்.

2021 வரை இந்திய ரூபாய் ஒன்றுக்கு இரண்டரை ரூபாய்க்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தோம். 2022இல் அது நான்கைத் தாண்டியது. பிறகு கொஞ்சம் இறங்கினாலும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. சென்னையில் 300 ரூபாய் விலை போட்ட ஒரு நாவல் இங்கே கப்பல் கூலி, கடைக்காரர் இலாபம் எல்லாம் சேர்த்து என்ன விலையில் நிற்கும் என்று நீங்களே அறிவீர்கள். உள்ளூரில் அச்சிடும் புத்தகமும் தப்பவில்லை, 2022இல் நாளேடுகளே கடதாசி இல்லாமல் பக்கம் குறைத்தன. ஆகவே ஒரு சபை நூல் கொள்வனவுக்கு அதே தொகையைத் தொடர்ந்து ஒதுக்கிக்கொண்டு "நாங்கள் குறைக்கவில்லை" என்று சொன்னால், அது குறைத்ததாகத்தான் அர்த்தம். நீங்கள் அந்தத் தொகையை வைத்துக்கொண்டு பதிப்பகங்களிடம் கழிவு கேட்டீர்கள். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த ஊர்க்காரரிடம் வீட்டில் கிடக்கும் புத்தகங்களைக் கேட்டீர்கள். நூல் வெளியீட்டு விழாவுக்குப் போய் நூலகப் பிரதி இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேட்டீர்கள். ஒக்டோபரில் வாசிப்பு மாதம் வந்தால் கவிதைப் போட்டிக்குப் பரிசு வாங்க உங்கள் கைக்காசும் போனது. உங்கள் பிள்ளைகள் சாட்சி.

கட்டடத்தின் கதை வேறு. மட்டக்களப்பு நகரில் பொது நூலகத்துக்கென்று கிழக்கு மாகாண சபையின் முதல் ஆட்சிக் காலத்தில் எழுந்த பெரிய கட்டடம் நடுவில் நின்று ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தது. அதன் அளவைப் பற்றி ஊரில் பெருமையாகப் பேசுவோம், நானும் பேசியிருக்கிறேன். ஆனால் கட்டுகிற காசு மாகாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஒருதரம் வரும். மின்கட்டணமும் ஆளணியும் புத்தகமும் வருடாவருடம் சபையின் தலையில். பெரிய மண்டபம் பெரிய மின்கட்டணத்தைக் கொண்டுவரும், அதைக் கட்டப் புத்தகக் காசில் கை வைக்காமல் இருக்க வேண்டும். எந்தச் சபையிலும் கட்டடப் பெயர்ப்பலகையில் தங்கள் பேர் வர விரும்புகிறவர்கள் அதிகம். நூலக உதவியாளர் வெற்றிடத்தை நிரப்பினால் பெயர்ப்பலகை வைக்க முடியாது. என் மதிப்பில் பெரிய வேலை இரண்டாவதுதான்.

சட்டம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் 1948லேயே பொது நூலகச் சட்டம் வந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து அறவிடுகிறார்கள். அறவிட்ட மாநகராட்சி அதை நூலகத் துறைக்குக் கொடுக்காமல் நிலுவை வைக்கிறது என்று அங்கே அடிக்கடி முறைப்பாடு எழுகிறது. இங்கிலாந்தில் 1964ஆம் ஆண்டுச் சட்டம் நூலகம் நடத்துவதை உள்ளூராட்சியின் கடமையாகவே வைத்திருக்கிறது. ஆனாலும் பிரித்தானியாவில் 2010க்குப் பிந்திய பத்து ஆண்டுக்குள் ஏறக்குறைய 800 நூலகங்கள் மூடின. லண்டனில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் சிலர் தங்கள் பகுதி நூலகத்தைத் தொண்டர்கள்தான் இப்போது நடத்துகிறார்கள் என்கிறார்கள். எங்கள் நாட்டில் நூலகம் நடத்தும் அதிகாரம் மன்றங்களுக்கு இருக்கிறது, அதற்கென்று தனி வரி இல்லை. வசதியான பிரித்தானியாவில் மூடியபோது, சபையே இல்லாத எங்கள் ஊரில் திறந்து வைத்தீர்கள். இதை ஒரு பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தப் பாரத்தைச் சம்பளம் குறைந்த சிலருடைய தோளில் இவ்வளவு காலம் விட்டது நியாயமில்லை.

ஆகவே கடைசிப் பகுதி உங்களுக்கு அல்ல, உறுப்பினர்களுக்கும் வாசகர்களுக்கும். நீங்கள் அரச ஊழியர்கள், இதை வாய்விட்டுக் கேட்க உங்களால் முடியாது. நான் கேட்கலாம்.

உறுப்பினர்களே, உங்கள் சபையின் நூலகத்துக்கு ஒரு வேலைநாளில் அறிவிக்காமல் போங்கள். திறப்பு விழாவுக்குப் போகிற மாதிரி வேண்டாம், வரிசையில் நின்று ஒரு புத்தகம் இரவல் எடுங்கள். எத்தனை பதவிகள் வெற்றிடம், அமைய ஊழியராக எத்தனை வருடம் ஒருவர் இருக்கிறார் என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் பின்னேரமும் திறந்து வைக்க எத்தனை பேர் தேவை என்று நூலகரிடமே கேட்டு எழுதுங்கள். வைப்புப் பணம் கட்ட முடியாத மாணவருக்குப் பாடசாலை அதிபரின் கையெழுத்துப் போதும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். பக்கத்துச் சபையின் பிள்ளைக்கும் அங்கத்துவம் கொடுங்கள். வாவிக்கு இரண்டு கரை இருப்பது பிள்ளையின் குற்றமல்ல.

வாசகர்களே, வருட முடிவுக்குள் ஒவ்வொரு சபையும் அடுத்த ஆண்டுப் பாதீட்டை நிறைவேற்ற வேண்டும். அதற்கு முன் நகல் பொதுமக்கள் பார்வைக்கு வரும். போய்ப் பாருங்கள். நூல் கொள்வனவு என்ற வரிக்கு எதிரே என்ன தொகை இருக்கிறது, போன வருடம் ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது என்று பாருங்கள். காட்டாவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். அங்கத்துவ அட்டை காலாவதியாகிக் கிடந்தால் இந்தக் கிழமையே புதுப்பியுங்கள், அங்கத்தவர் தொகைதான் நூலகருக்குச் சபையில் இருக்கும் ஒரே வாதம். வீட்டில் இரவல் புத்தகம் கிடந்தால் திருப்பிக் கொடுங்கள். தண்டப்பணம் எவ்வளவு என்று பயப்பட வேண்டாம், கேட்டால் ஒரு வழி சொல்லுவார்கள்.


படுவான்கரை வாசகர் ஒருவர்